தூக்கத்துக்கு அமுக்கராவா, தியானினா?

கோத்தகிரிக்குப் பக்கத்து அரவேணுவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. அந்த இலையில் இருக்கும் தியானின் என்ற பொருளைத்தான் மன அமைதிக்கென்று மாத்திரையாக விற்கிறார்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 200 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கப் டீயில் அது சுமார் 25தான். டீயாகக் குடித்தே அந்த அளவை எட்டுவதென்றால் சுமார் எட்டு கப் வேண்டும். கூடவே 300 மில்லிகிராம் அளவுக்குக் காஃபினும் உள்ளே போகும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? மாத்திரைக்கான சான்றும் சிறிதுதான்: 2019-இல் ஜப்பானில் 30 பேருக்கு நான்கு வாரம் கொடுத்ததில் சில அளவீடுகளில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது.

இருப்பதில் கனமான சான்று அமுக்கராவுக்கு, அதாவது அஸ்வகந்தாவுக்கு. 2012-இல் வெளியான இந்திய ஆய்வில் 64 பேர், 60 நாள், வேர்ச்சாறு 300 மில்லிகிராம் இரண்டு வேளை. சாப்பிட்டவர்களின் மன அழுத்த மதிப்பெண் 44 சதவீதம் இறங்கியது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 5.5 சதவீதம்தான். இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தால் எனக்குச் சந்தேகமும் வரும். இத்தகைய ஆய்வுகள் பலவற்றுக்கு மருந்து கொடுத்ததே சாறு தயாரிக்கும் நிறுவனம்தான். தூக்கத்தைப் பொறுத்தவரை, 400 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021 அலசலில் பலன் சிறிதே; தூக்கமின்மை உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல்.

நாட்டு மருந்துக் கடை அமுக்கரா சூரணம் வேறு சரக்கு. அதில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சர்க்கரை எல்லாம் சேரும். ஆய்வு செய்ததோ தனி வேர்ச்சாறு. அந்த முடிவை இந்தச் சூரணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

வலேரியன், கெமோமில் என்ற மூலிகைகள் இரண்டும் பின்தங்கியவை. தூக்கமின்மைக்கு வலேரியன் வேண்டாம் என்பதே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2017 பரிந்துரை. கெமோமில் 34 பேரிடம் சோதிக்கப்பட்டபோது சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். அஸ்வகந்தா சாப்பிட்ட சிலருக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. டென்மார்க் 2023-இல் அஸ்வகந்தாவைத் தடையே செய்துவிட்டது.

காசு கொடுத்து வாங்குமுன், மதியத்துக்குப் பிந்தைய டீயை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வாரத்தில் மூன்று இரவு, மூன்று மாதமாகத் தூக்கம் கெடுகிறதென்றால் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.