வானம் பளிச்சென்று இருந்தாலும் வெள்ளம் வரும்!



பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். பேத்தியைப் பார்த்தோமா, நாலு மாசம் சமைத்துப் போட்டோமா, ஊர் வந்து சேர்ந்தோமா என்று நம்மை இருக்க விட மாட்டார்கள். சேர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும், 'கேம்பிங்' என்று கிளப்பி விடுவார்கள். கட்டிலும் மெத்தையும் ஏ.சி.யும் வீட்டில் சும்மா கிடக்க, பாலைவனத்து மணலில் கூடாரம் அடித்துப் படுப்பதற்குத்தான் அங்கே உல்லாசம் என்று பெயர்! போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டிய சங்கதிகள் சில இருக்கின்றன.

புரட்டாசி பிறந்த சமயம் நாங்கள் போனது, அரிசோனா, யூட்டா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பவல் ஏரிக்கு. மகள் வீடு இருக்கும் பீனிக்ஸிலிருந்து வடக்கே காரில் ஐந்து மணி நேரப் பயணம். ஏரி என்றதும் நம்ம ஊர்க் குளம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். கொலராடோ ஆறு செம்பாறைகளை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கின் குறுக்கே 710 அடி உயரத்துக்கு அணை கட்டி, 1963-ல் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்களாம். முழுசாக நிரம்பவே 17 வருஷம் ஆயிற்று! நிரம்பி நின்றால் நீளம் மட்டும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

மரத்து நிழல் என்பதே கிடையாது. சுற்றிலும் சிவப்புப் பாறைகள், நடுவில் நீலமாய்த் தண்ணீர். "ஆச்சி, இது கடலா?" என்று கேட்டாள் பேத்தி. பாறைகளின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையடித்தது போல ஒரு பட்டை. உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் உள்பக்கம் படியுமே, அதே சமாசாரம்தான். முன்பு தண்ணீர் நின்ற உயரம் அது. மலையில் பனி குறைந்து, செலவும் கூடிப்போய், 2023 ஆரம்பத்தில் முழு மட்டத்துக்குச் சுமார் 180 அடி கீழே இறங்கிவிட்டதாம்.

இவ்வளவு தண்ணீர் பக்கத்தில் இருந்தும் அங்கே முதல் ஆபத்து தாகம்தான். காற்றில் ஈரமே இல்லை. வேர்வை வந்த தடம் தெரியாமல் காய்ந்துவிடுகிறது. நமக்கும் 'வேர்க்கவே இல்லையே' என்று தண்ணீர் குடிக்கத் தோன்றாது. என் வீட்டுக்காரர் மத்தியானம் தலைவலி என்று படுத்துவிட்டார். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு இரண்டு டம்ளர் உள்ளே போன பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிதண்ணீர் என்று கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. சப்பாத்தியைப் பத்து நிமிஷம் திறந்து வைத்தால் அப்பளம்! துவைத்த துணி அரை மணியில் காய்ந்துவிடுகிறது. இப்படி ஒரு வெயில் நம்ம மொட்டை மாடியில் இருந்தால் ஒரே நாளில் வருஷத்துக்கு வேண்டிய வடாத்தைப் பிழிந்து காய வைத்துவிடலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் காற்று கிளம்பும். மணலில் அடித்த ஆணி நிற்காது. பைகளில் மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, குழி தோண்டிப் புதைத்தால்தான் கூடாரம் நிற்கும். காலையில் செருப்பை உதறாமல் கால் நுழைக்கக் கூடாது. தேள் இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையும் அவர் சிநேகிதர்களும் கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு இடம் கண்டுபிடித்தார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே மெத்தை விரித்த மாதிரி மணல். காற்றுக்கும் மறைவு. எல்லோருக்கும் பிடித்துப்போனது. நான் மட்டும் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடுக்கில், என் தலைக்கும் மேலே, செத்தையும் குச்சிகளும் கொத்தாகச் சிக்கியிருந்தன. மரமே இல்லாத இடத்தில் அவ்வளவு உயரத்தில் குச்சியைக் கொண்டுபோய் வைத்தது யார்?

"மாப்பிள்ளை, இது தண்ணி வந்த தடம். இங்க படுக்க வேண்டாம்" என்றேன்.

"வானத்துல ஒரு மேகம் கூட இல்லையே அத்தை" என்றார் அவர்.

நான் தென்காசிக்காரி. குற்றாலத்தில் நிற்பவர் தலையில் ஒரு சொட்டு விழாது. மலை மேலே பெய்த மழை அருவியில் வந்து இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். அதைச் சொன்னேன். மகளும், "அம்மா சொல்றதைக் கேளுங்க" என்று என் பக்கம் வந்துவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தூக்கி, மேட்டில் காற்றடிக்கும் இடத்தில் போட்டார்கள். ராத்திரி முழுக்கக் கூடாரம் படபடவென்று அடித்துக்கொண்டது. வெள்ளம் வரவில்லை. காலையில் "வெள்ளம் எங்க ஆச்சி?" என்று பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்!

அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் போனோம். அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். வெள்ளம் அறுத்த பாறைப் பிளவு. சில இடங்களில் ஓர் ஆள் நுழையத்தான் அகலம். வழிகாட்ட வந்த நவஹோப் பெண்மணிக்கு என் வயசு இருக்கும். மேலே கை காட்டினார். இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. 1997 ஆகஸ்ட் 12-ம் தேதி அந்தப் பிளவின் கீழ்ப்பகுதிக்குள் இருந்தவர்கள் மழையைப் பார்க்கவே இல்லையாம். பல மைல் தள்ளிப் பெய்த மழை, பாறையில் ஊறாமல் அப்படியே திரண்டு வந்து 11 பேரைக் கொண்டுபோய்விட்டது. அப்போது இருந்த மர ஏணிகளும் போயின. இப்போது இரும்புப் படிகளைப் பாறையோடு சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. மழைக்காலம் அங்கே ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் போகிறவர்கள் தாங்கள் தங்கும் இடத்துக்கு மட்டுமல்ல, மேட்டுப்பக்கம் முழுவதற்கும் வானிலை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார்.

வெளியே வரும்வரை மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறியதும், "அத்தை, அந்தக் குச்சியை நான் கவனிக்கவே இல்லை" என்றார். பாவம், அவர் சென்னையிலேயே வளர்ந்த பிள்ளை!

படகு வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே வீடு மாதிரியே படகுகள் உண்டு. அடுப்பு, படுக்கை, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். 2000 ஆகஸ்டில் அப்படி ஒரு படகின் பின்பக்கம் நீந்திய அண்ணன், தம்பி இரண்டு சிறுவர்கள் இறந்துபோனார்கள். நீச்சல் தெரியாமல் அல்ல. ஜெனரேட்டரின் புகை படகுத் தளத்துக்கு அடியில் தேங்கி நின்றிருக்கிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ஆகவே ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடும்போது குழந்தைகளைப் படகின் பின்பக்கம் போகவே விடாதீர்கள். படகு ஓடும்போது சின்னப் பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். "சட்டை குத்துது" என்று அழுதாலும் கழற்றாதீர்கள்.

கடைசியாக, கேட்கக் கூச்சப்படும் விஷயம். கழிப்பறை இல்லாத கரையில் தங்கினால், அதற்கென்று இருக்கும் மூடி போட்ட பெட்டியை நாமே கொண்டுபோய், திரும்பும்போது அதையும் நாமே தூக்கி வர வேண்டும். மணலில் புதைக்கக் கூடாது என்பது சட்டம். பெட்டி கடைகளில் கிடைக்கிறது. புறப்படும் முன்பே மகளிடமோ மருமகளிடமோ கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

- தென்காசி வாசகி