மருந்துக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும்

அப்பரின் சூலைநோய் தீர்த்த திருவதிகையைத் தன்னகத்தே கொண்ட கடலூர் ஜில்லாவில், சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலை மருந்துக் கல்வியைப் போதித்து வருகிறது. காசி ஹிந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932-ல் இக்கல்வியைத் தொடங்கி 90 வருஷங்களுக்கு மேலாகின்றன. எனினும், 2014-ம் வருஷத்துப் பார்மஸி கவுன்சில் விதிகள் விரிவுரையாளரிடம் எம்.பார்ம். பட்டத்தைக் கோருகின்றனவேயன்றிப் போதனைப் பயிற்சியைக் கோரவில்லை. இது பெருங்குறையென்பது நமது அபிப்பிராயம்.

மருந்தின் அளவைத் தவறிக் கொடுப்பவர் ஒரு நோயாளிக்கே தீங்கு செய்கிறார். தவறாகப் போதிப்பவரோ அத்தவற்றைத் தம் மாணவர் வாயிலாக ஊர்தோறும் பரப்புகிறார். ஆகவே, ஆசிரியத் தொழிலை நாடும் எம்.பார்ம். மாணவர், மூத்த ஆசிரியர் முன்னிலையில் ஒரு பருவமேனும் கீழ்வகுப்பில் பாடம் நடத்திப் பழகுதல் அவசியம். இதற்குச் சிதம்பரமே வழிகாட்டுமாக!