ஒரு கொப்பி, ஒரு கால் மணித்தியாலம்



கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரத் தோட்டத்தில், 1867 ஆம் ஆண்டு, 19 ஏக்கரில் தேயிலை நடப்பட்டது. நட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் குழி வெட்டியவர் யார்? கன்று சுமந்தவர் யார்? அவர்களில் ஒருவருடைய பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? துரை எழுதி வைத்தார். நம்முடைய ஆட்கள் பாட்டாகப் பாடினார்கள், கதையாகச் சொன்னார்கள். எழுதியது நின்றது, சொன்னதில் பாதி போய்விட்டது.

அதனால்தான், ஓய்வு நேரத்தில் கதை, கவிதை எழுதுவதைப் பற்றி இம்முறை பேசுகிறோம்.

நம்மவர்கள் எழுதினார்கள்

"எழுத்தெல்லாம் படிச்ச ஆளுங்க வேலை" என்று சொல்வது சரியல்ல. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். தொழிற்சங்க வேலைகளுக்கு நடுவே கவிதையும் நாவலும் எழுதினார்; மலையில் பாடிய பாட்டுகளையும் தேடித் தொகுத்தார். அவர் தொகுத்திராவிட்டால் அந்தப் பாட்டுகளில் பல இன்று நமக்குக் கிடைத்திருக்காது. லபுக்கலையில் தொழிலாளியாக இருந்துகொண்டே கவிதை எழுதினார் குறிஞ்சித்தென்னவன். கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிய என். எஸ். எம். இராமையா, 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதைத் தொகுதியை 1980 இல் தந்தார். தோட்ட வைத்தியராக இருந்த டாக்டர் தி. ஞானசேகரன், 2000 ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து 'ஞானம்' சஞ்சிகையைத் தொடங்கினார்.

இவர்கள் யாருக்கும் எழுதுவது மட்டுமே வேலையாக இருந்ததில்லை.

நேரம் எங்கே இருக்கு?

வெள்ளென எழும்பி, பெரட்டுக்கு ஓடி, மலையில் நின்று, அந்திக்குக் கொழுந்து நிறுத்து வந்தால் பீலியில் தண்ணி, அடுப்பில் ரொட்டி. பெண்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பது நியாயம்தான். ஒரு மணித்தியாலம் கிடைக்காது. ஆனால் கால் மணித்தியாலம் கிடைக்கும். அதைத் தினமும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை கொழுந்து பறிக்கும்போது மனசு சும்மா இருப்பதில்லை. அப்போது தோன்றியதை ஒரு வரியாக மனதில் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த ஒரு வரியை எழுதுங்கள். மீதி ஞாயிற்றுக்கிழமை வரும். எழுத்துப் பிழைக்குப் பயப்பட வேண்டாம், பிறகு திருத்தலாம். நாம் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். தோட்டத்தில் நடந்ததை எழுதினால் ஆட்களின் பெயரை மாற்றிவிடுங்கள். வீண் சண்டை வராது.

எழுதத் தெரியாத பாட்டி தாத்தா சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து வைத்து ஆறுதலாகவும் எழுதலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

எழுதுகிறவருக்குப் பாராட்டைவிட முதலில் வேண்டியது கைமாறு வேலை. அந்தக் கால் மணித்தியாலம் தண்ணியை அண்ணன் எடுக்கட்டும். பிள்ளையை அப்பா பார்க்கட்டும். "எழுதிக் கிழிச்சது போதும்" என்ற ஒரு பேச்சில் எத்தனையோ கொப்பிகள் அடுப்பு பற்றவைக்கப் போயிருக்கின்றன. கூரை ஒழுகும் வீட்டில் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். அதுவும் வீட்டுச் சொத்துதான்.

இரண்டாவது, கேட்க ஒரு ஆள். நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை கோயில் மடத்திலோ பள்ளிக்கூடத்திலோ உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரையும் கூப்பிடுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும்போது ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் சோர்ந்துவிடாதீர்கள்.

வாசிக்காமல் எழுத்து வளராது. கண்டி டவுனுக்குப் போகும்போது பொது நூலகத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மலையக எழுத்தாளர்களின் பழைய நூல்கள் பல 'நூலகம்' இணையத்தளத்தில் காசில்லாமல் வாசிக்கக் கிடைக்கின்றன.

இந்த வாரம் ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் அம்மாவின் பெயரையும், அவர் கொழுந்தெடுத்த மலையின் பெயரையும் எழுதுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.