மண்ணுக்குள் மணிகள்!

குழந்தைகளே, கணினி விளையாட்டு என்றால் உங்களுக்குக் கொள்ளைப் பிரியம்தானே? 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் உருவாக்கி, 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதில் குள்ள மனிதர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டுவார்கள். தோண்டிக்கொண்டே போகும்போது பாறைக்குள் பளிச்சென்று ஒரு கல் தட்டுப்படும். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பட்டை தீட்டினால் மதிப்பு கூடும். நகையிலோ பாத்திரத்திலோ பதித்தால் இன்னும் கூடும்.

இதே வேலையை விளையாட்டாக அல்லாமல் நிஜமாகவே செய்தவர்கள் நம் கடலூர்ப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். எப்போது தெரியுமா? சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு!

நெல்லிக்குப்பத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கடலூர் வந்துவிடும். கடலூருக்குத் தெற்கே, இன்று தொழிற்சாலைகள் நிறைந்திருக்கும் பகுதியில் காரைக்காடு, குடிகாடு என்ற ஊர்கள் இருக்கின்றன. 1966-67இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் காரைக்காட்டில் அகழாய்வு செய்தார்கள். ரோமானியர்களோடு நடந்த வணிகத்தைக் காட்டும் பானை ஓடுகள் கிடைத்தன. கூடவே அழகழகான கல் மணிகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன.

இன்னும் தெற்கே போனால் பரங்கிப்பேட்டைக்கு அருகில் ஓர் ஊர். அதன் பெயர் மணிக்கொல்லை! மணி கிடைக்கிற கொல்லை என்று ஊர்ப் பெயரே சாட்சி சொல்கிறது. வடக்கே புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது புகழ்பெற்ற அரிக்கமேடு.

அரிக்கமேட்டின் பெருமை வெளியே தெரிந்ததில் உங்களைப் போன்ற சிறுவர்களுக்கும் பங்கு உண்டு. 1930களில் புதுச்சேரியில் இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர், அந்த ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை விலை கொடுத்து வாங்கினார். அவருக்குக் கிடைத்த ஒரு கல்லில் ஒரு மனித முகம் செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதினார். பிறகு 1945இல், இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்டிமர் வீலர் அங்கே முறைப்படி அகழாய்வு செய்தார்.

கல் பிறந்த கதை

நம் கடற்கரையில் இருப்பது மணலும் களிமண்ணும். இங்கே மணி செய்யக் கல் ஏது? அதற்கு முதலில் கல் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

நெல்லிக்குப்பம் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். உங்கள் ஊரில்தான் சர்க்கரை ஆலை இருக்கிறதே! கரும்புச்சாறு பாகாகிச் சுண்டச் சுண்ட, அதற்குள் சின்னச் சின்னப் படிகங்கள் பிறக்கின்றன. அவைதான் சர்க்கரை. பாகை ஆடாமல் அசையாமல் பல நாள் விட்டுவைத்தால் படிகங்கள் பெரிதாக வளர்ந்து கற்கண்டு ஆகின்றன. பூமிக்கு அடியில் உருகிய பாறைக் குழம்பு ஆறும்போதும் இப்படித்தான். மெதுவாக ஆறினால் பெரிய படிகம். சீக்கிரம் ஆறினால் பொடிப் படிகம்.

நிறம் எங்கிருந்து வருகிறது? வேறு தனிமங்கள் துளியளவு கலப்பதால் வருகிறது. பெரில் என்ற கல் சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. இரும்பு கலந்தால் கடல் நீல நிறம். குரோமியம் கலந்தால் பச்சை. அதுதான் மரகதம்! மாணிக்கமும் நீலமும் பார்க்க வேறு வேறாக இருந்தாலும் இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான்.

கடல் நீலப் பெரில் கற்களுக்குப் பேர்போனது கொங்கு நாடு. காங்கேயத்தை அடுத்த படியூரில் அவை கிடைத்தன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்து என்ற சங்க நூல் 'கொடுமணம்' என்று குறிப்பிடுவது இந்த ஊரைத்தான் என்பது அறிஞர்கள் கருத்து. 1985 முதல் அங்கே பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. வெட்டாத கல், பாதி செதுக்கிய கல், பாதி துளையிட்ட மணி, முழுதாக முடிந்த மணி எல்லாமே கிடைத்தன. ஓர் ஊரில் முடிந்த மணி மட்டும் கிடைத்தால் அதை வேறு எங்கிருந்தோ வாங்கியிருக்கலாம். பாதியில் நின்ற மணியும் கிடைத்தால்? அங்கேயே பட்டறை இருந்தது என்று அர்த்தம்!

சிவப்பு நிறச் சூதுபவளமும், கோடு கோடாக இருக்கும் அகேட் கல்லும் குஜராத்திலும் தக்காணப் பகுதியிலும் மிகுதி. இப்படிப் பல ஊர்க் கற்கள் மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் படகிலும் பட்டறைகளைத் தேடிப் பயணம் செய்தன.

கல்லை மணியாக்கும் வித்தை

அந்தக் காலத்துப் பட்டறை எப்படி நடந்தது? குஜராத்தில் உள்ள கம்பாத் நகரத்தில் பழைய முறையில் மணி செய்யும் கைவினைஞர்களைப் பார்த்து ஆய்வாளர்கள் நிறையத் தெரிந்துகொண்டார்கள்.

முதல் வேலை, கல்லைச் சுடுவது! சூதுபவளக் கல் தோண்டி எடுக்கும்போது மங்கலான பழுப்பாக இருக்கும். அதை வெயிலில் காயவைத்து, பானைகளில் இட்டு மூட்டம் போடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்பு சூட்டில் மாறி, கல் செக்கச் சிவப்பாகிவிடும்.

இரண்டாவது, செதுக்குவது. தரையில் ஓர் இரும்பு முளையை நட்டு, அதன் கூர்முனையில் கல்லை வைத்து, எருமைக் கொம்பால் ஆன சுத்தியலால் தட்டுவார்கள். இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் கல் நொறுங்கிவிடும். கொம்பு பதமாக அடிக்கும். சில்லு சில்லாகப் பெயர்ந்து, மணியின் உருவம் கிடைக்கும்.

மூன்றாவது, தேய்ப்பது. நான்காவது, துளை போடுவது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஏன் கடினம்? 1812ஆம் ஆண்டு பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தன்மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். மிக மிருதுவான மாக்கல்லுக்கு 1. மிகக் கடினமான வைரத்துக்கு 10. சூதுபவளமும் அகேட்டும் 7. பெரில் ஏழரைக்கும் எட்டுக்கும் இடையே. சாதாரண இரும்பு ஐந்தைத் தாண்டாது! அப்படியானால் இரும்பு ஊசியை வைத்து எவ்வளவு குடைந்தாலும் ஊசிதான் தேயும்.

நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள்? துளைப்பானின் முனையில் கடுகைவிடச் சிறிய வைரத் துணுக்குகளைப் பதித்தார்கள். அந்தத் துளைப்பானில் ஒரு வில்லின் நாணைச் சுற்றி, தயிர் கடைவது போல முன்னும் பின்னும் இழுத்தார்கள். சூடு ஏறாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு பக்கம் பாதி வரை துளைத்துவிட்டு, மணியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைப்பார்கள். இரண்டு துளைகளும் நடுவில் சரியாகச் சந்திக்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் கல் பிளந்துவிடும். அதுவரை செய்த வேலை எல்லாம் வீண்!

கடைசியாக மெருகு. தோல் பையில் மணிகளையும் கல் பொடியையும் தண்ணீரையும் போட்டுக் கட்டி, நாள் கணக்கில் உருட்டுவார்கள். மணிகள் ஒன்றோடொன்று உரசி, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். கொடுமணலில் ஒரே ஒரு ஈமக்குழியில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. எத்தனை கைகள், எத்தனை நாட்கள் உழைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கல் வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கண்ணாடி மணி இருந்தது. அரிக்கமேட்டுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, பொடிப் பொடியாக நறுக்கி, சாம்பலில் போட்டு மறுபடி சூடாக்கினால் ஓரங்கள் மழுங்கி உருண்டை மணிகள் தயார். இதே வகை மணிகள் ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைத்திருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார்.

விலை சொல்வது எப்படி?

கணினி விளையாட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் மதிப்பை விளையாட்டே சொல்லிவிடும். நிஜத்தில் அதைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும்.

நிறம், தெளிவு, வெட்டு, எடை இந்த நான்கையும் பார்த்துத்தான் இன்றைக்கும் விலை சொல்கிறார்கள். எடைக்கு அளவு 'கேரட்'. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். கரோப் என்ற மரத்தின் விதையை எடைக்கல்லாகப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. நம் ஊரில் குன்றிமணி அந்த வேலையைச் செய்தது. (குன்றிமணி விஷம்! வாயில் போட்டுவிடாதீர்கள்.)

சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக் கடைத் தெரு வருகிறது. காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்று வைரத்துக்கு நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் சொல்கிறார். அந்தக் கதையின் முக்கிய வழக்கே கல்லால்தான் தீர்ந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தபோது உண்மை தெறித்து விழுந்தது!

ரோமானிய அறிஞர் பிளினி, பெரில் கற்கள் இந்தியாவில்தான் மிகுதி என்று எழுதியிருக்கிறார். ஆறு பட்டையாகத் தீட்டினால்தான் அதன் மங்கலான நிறம் ஒளி பெறும் என்கிறார். படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலிக் கற்கள் செய்யும் வித்தையும் இந்தியர்களுக்குத் தெரியும் என்று எச்சரிக்கிறார். அப்போதே போலி இருந்திருக்கிறது பார்த்தீர்களா?

தாய்லாந்து நாட்டில் குவான் லுக் பட் என்று ஓர் இடம். அந்தப் பெயருக்கு 'மணி மேடு' என்று பொருள். நம் மணிக்கொல்லைக்கு அண்ணன் தம்பி போல! அங்கே தங்கத்தை உரசித் தரம் பார்க்கும் உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் எழுத்தில் 'பெரும்பத்தன் கல்' என்று பொறித்திருந்தது. பத்தன் என்றால் பொற்கொல்லர். நம் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கடல் கடந்து போயிருக்கிறது!

'இது என்ன விலை போகும்?'

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, மழைக்கு மறுநாள் ஒரு மாணவன் ஜியாமெட்ரி பெட்டிக்குள் ஒரு சின்ன நீல மணியைக் கொண்டுவந்து காட்டினான். அவன் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன விலை போகும்?"

கண்ணாடி மணி. கடையில் கேட்டால் சில ரூபாய். அவனிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "எந்த இடத்தில் எடுத்தாய்? எவ்வளவு ஆழத்தில்? பக்கத்தில் வேறு என்ன இருந்தது?" அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அகழாய்வாளர்கள் மண்ணை அடுக்கு அடுக்காக, துடைப்பமும் கரண்டியும் கொண்டு எடுப்பது ஏன்? கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது. எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டின் பக்கத்தில் மணி இருந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதும் வரலாறும் தெரியும். புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் கதை புரியுமா? மண்ணிலிருந்து பிடுங்கிய மணியும் அப்படித்தான். தாய்லாந்தின் மணி மேட்டை மணி தேடியவர்கள் ஆளுக்கொரு குழியாகத் தோண்டிச் சிதைத்தார்கள். மணிகள் விலைக்குப் போயின. அவை சொல்லியிருக்கக்கூடிய கதை போனது போனதுதான்.

நம் மாவட்டத்தில் அகழாய்வு முடிந்துவிடவில்லை. பண்ருட்டி வட்டம் மருங்கூரில் 2024இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. நாளை உங்கள் தெருவில் கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ மணி தட்டுப்படலாம். அப்போது செய்ய வேண்டியவை:

* தோண்டித் துருவாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.
* முடிந்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தேதியையும் எழுதி வையுங்கள்.
* ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையல் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.
* யாராவது காசு தருகிறேன் என்றாலும் விற்காதீர்கள்.

பழைய மணிகளைப் பார்க்க ஆசையா? அரிக்கமேட்டில் கிடைத்தவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கடலூரிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் அப்பா அம்மாவோடு போய் வாருங்கள்.

தெரியுமா உங்களுக்கு?

* பெரில் என்ற பெயருக்கு மூலம் 'வெலுரிய' என்ற நம் நாட்டுப் பிராகிருதச் சொல். நம் 'வைடூரிய'மும் அதன் உறவுதான்.
* ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு 'பிரில்லெ' என்று பெயர். அதுவும் பெரிலிலிருந்து வந்ததே!

செய்து பாருங்கள்

கடையில் படிகாரம் வாங்குங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் பொடித்த படிகாரத்தை இனிக் கரையாது என்கிற வரை கரையுங்கள். வடிகட்டி இரண்டு டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். ஒன்றை உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மற்றொன்றைத் துணியால் சுற்றி, யாரும் தொடாத மூலையில் வையுங்கள். மறக்காமல் 'குடிக்கக் கூடாது' என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் கழித்து எடுத்து, எதில் படிகம் பெரிது என்று பாருங்கள். ஏன் அப்படி என்பதற்கு விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது!