காரணிப்படுத்தலும் அல்-குவாரிஸ்மியின் சதுரமும்

பள்ளிக் கணிதத்தில் மாணவர் பலர் மிரண்டு நிற்கும் இடங்களுள் ஒன்று காரணிப்படுத்தல். தெரியாத எண்ணைக் 'க' எனக் கொண்டு, க² + 10க − 39 என்னும் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால், பெருக்கினால் −39உம் கூட்டினால் 10உம் தரும் இரண்டு எண்களைத் தேடுமாறு வகுப்பறையில் கற்பிக்கப்படுகிறது. 13, −3 ஆகியவை அகப்பட்டதும் (க + 13)(க − 3) என எழுதி முடித்துவிடுகிறார்கள். விடை சரிதான். ஆனால் 39 இருந்த இடத்தில் 20 வந்துவிட்டால்? 20, −1 கூடினால் 19. 10, −2 கூடினால் 8. 5, −4 கூடினால் 1. தேவைப்படும் 10 எங்கும் இல்லை. இங்கே மாணவன் 'காரணி கிடையாது' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறான். அவனுக்குக் கற்பிக்கப்பட்டது தேடல் மட்டுமே. தேடுவது ஏன் என்பதன்று.

மேற்கண்ட கோவை தற்செயலாக எடுக்கப்பட்டதன்று. கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி இயற்றிய 'ஜப்ர், முகாபலா' நூலின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அது. ஒரு 'மால்', அதன் பத்து 'ஜத்ர்', இரண்டும் சேர்ந்தால் 39 திர்ஹம் என்கிறார் அவர். மால் என்பது வர்க்கம். ஜத்ர் என்பது அதன் மூலம். குறியீடு ஒன்றுகூட இல்லை, அனைத்தும் சொற்களே. (அந்நூலின் பிற்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே உரியது என்பதை நம்மவர்கள் பலர் அறியார்.)

அவர் காட்டும் வழி வரைபடம். பக்கம் 'க' உடைய சதுரம் ஒன்றை வரைக. பத்தை இரண்டாகப் பகுத்து, ஐந்து அலகு அகலமுள்ள பட்டை ஒன்றை வலப்புறமும் மற்றொன்றைக் கீழ்ப்புறமும் ஒட்டுக. இதுவரை உள்ள பரப்பு 39. மூலையில் ஐந்துக்கு ஐந்து என ஒரு சதுரம் குறைகிறது. அந்த 25ஐச் சேர்த்தால் முழுச் சதுரத்தின் பரப்பு 64; பக்கம் 8; எனவே க = 3.

இப்போது இதையே நம் குறியீட்டில் எழுதிப் பார்ப்போம். க² + 10க − 39 = (க + 5)² − 64. இரு வர்க்கங்களின் வேறுபாடு, கூட்டலும் கழித்தலுமாகப் பிரியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆகவே (க + 5 + 8)(க + 5 − 8). அதாவது (க + 13)(க − 3). தேடித் திரிந்த எண்கள் தாமாகவே வந்து நிற்கின்றன. 20 வந்த கணக்கிலும் வழி அடைபடுவதில்லை: (க + 5)² − 45 என எழுதினால், காரணிகள் (க + 5 + √45), (க + 5 − √45). முழு எண்களில் காரணி இல்லை என்பதும், காரணியே இல்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். என் கருத்தில், தேடும் முறைக்கு முன்பே இந்தச் சதுரத்தைப் பிள்ளைகளின் கையால் வரையவைத்துவிட வேண்டும்.

அல்-குவாரிஸ்மி −13ஐ ஏற்கவில்லை; நீளம் எதிர்மறையாக இருக்கவியலாது. சமன்பாட்டின் ஒரு பக்கத்தைச் சுழியமாக்கிக் காரணிகளாக உடைப்பதும் அவரிடம் இல்லை. சமன்பாட்டை ஈருறுப்புக் காரணிகளின் பெருக்கமாக அமைத்துக் காட்டும் முறையை, ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட்டின் மறைவுக்குப் பின் 1631இல் வெளிவந்த நூலில் காண்கிறோம்.

அச்சுழியத்தின் பயனை உணராத மாணவன், க(க + 10) = 39 என்று கண்டதும் க = 39 என்றோ க + 10 = 39 என்றோ எழுதிவிடுகிறான். பெருக்கற்பலன் 39 ஆவதற்கு 1, 39 என்றும் 3, 13 என்றும் 6, 6½ என்றும் எண்ணற்ற இணைகள் உண்டு. பெருக்கற்பலன் சுழியமாயின், இரண்டில் ஒன்றேனும் சுழியமாகவே இருந்தாக வேண்டும். 39ஐ இடப்பக்கம் கொண்டுவந்த பிறகே காரணிப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.