கண் ஓரிடம், குழல் ஓரிடம்: கார்ட்டூன் கணவாய் சொல்லித்தரும் வடிவியல்

கோவில்பதாகையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை. ஊர்க்காரர்களின் பேச்சில் அது 'டேங்க் ஃபேக்டரி'. 1960களின் நடுவில் விஜயந்தா டாங்கியோடு தொடங்கிய அதன் உற்பத்தி, டி-72, டி-90 வழியாக அர்ஜுன் வரை வந்திருக்கிறது. அர்ஜுனின் மேம்பட்ட வடிவத்தில் 118 டாங்கிகளுக்கான ஆணையை 2021 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் இந்தத் தொழிற்சாலைக்குத்தான் கொடுத்தது. அந்த டாங்கியை வடிவமைத்த ஆய்வு நிறுவனமும் ஆவடியிலேயே இருக்கிறது. டாங்கி செய்வோர் எல்லோரும் தீர்த்தாக வேண்டிய அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு. குறி பார்க்கும் கண் ஓரிடத்தில் இருக்கிறது, குண்டு புறப்படும் குழல் வேறோரிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே புள்ளியில் சேர்வது எப்படி? வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து, கார்ட்டூன் விலங்கு ஒன்றை ஓடவிட்டுச் சுடும் வீடியோ கேம் ஆடுகிற பிள்ளையின் விரல் நுனியிலும் இதே கேள்விதான் நொடிக்கு நொடி எழுந்து தீர்கிறது. இந்த விளையாட்டுகளை 'சுடும் விளையாட்டு' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அவை ஓடிக்கொண்டே இருக்கும் வடிவியல். பிள்ளைகளைக் கட்டிப்போடுவதும் பெரும்பாலும் அந்த வடிவியல் தரும் சவால்தான். அதை வகுப்பறைக்குள் கொண்டுவருவது வீண் வேலையாகாது.

எடுத்துக்காட்டாக நிண்டெண்டோ நிறுவனத்தின் 'ஸ்பிளாட்டூன்' விளையாட்டைப் பார்க்கலாம். 2015இல் வீ யூ கன்சோலுக்கும், 2017, 2022 ஆண்டுகளில் ஸ்விட்ச் கன்சோலுக்கும் அதன் மூன்று பாகங்கள் வந்தன. மூன்றாம் பாகம் வெளியான முதல் 3 நாட்களில் ஜப்பானில் மட்டும் 34.5 லட்சம் விற்றது. அதன் நாயகர்கள் மனித உருவுக்கும் கணவாய் உருவுக்கும் மாறி மாறித் தாவும் சிறுவர் சிறுமியர். நம் காசிமேட்டில் கடம்பா, கணவாய் என்று கூடை கூடையாக வந்திறங்கும் அதே கடலுயிரின் குடும்பம். இவர்களின் துப்பாக்கியில் குண்டு கிடையாது, மைதான். அணிக்கு நால்வர், ஆட்டம் 3 நிமிடம். முடிவில் எந்த அணியின் நிறம் தரையில் அதிகப் பரப்பை மூடியிருக்கிறதோ அதுவே வெல்லும். தொடக்க மாதிரியில் பாத்திரங்கள் வெறும் வெள்ளைக் கட்டிகளாக இருந்தன. பிறகு முயலாகி, கடைசியில் கணவாயாயின. முயல் ஏன் மை பூசவேண்டும் என்பதற்குக் காரணம் தேடவேண்டும். கணவாய்க்கு அந்தத் தேவை இல்லை. மை அதன் உடம்பிலேயே இருக்கிறது, நிறம் மாறும் தோலும் இருக்கிறது.

விலங்குருவம் இவ்வகை ஆட்டங்களில் அலங்காரத்துக்காக மட்டும் வந்ததில்லை. ஆட்டக்காரர் தன் பாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்க்கிறார். முகத்தைவிட முதுகுதான் அதிகம் தெரியும். முதுகை மட்டும் வைத்து அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தாவப்போகிறதா, பதுங்கியிருக்கிறதா என்று கண நேரத்தில் புரியவேண்டும். நீண்ட காது, புடைத்த வால், பெரிய தலை எல்லாம் இந்த வேலையைச் செய்கின்றன. 2001இல் நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த 'கான்கர்' என்ற அணிலுக்கும், 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த 'ராட்செட்' என்ற கற்பனை விலங்குக்கும் இது பொருந்தும். அந்தக் காலத்துக் கன்சோல்களால் ஓர் உருவத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலான முக்கோணங்களையே ஒதுக்க முடிந்தது. அவ்வளவு குறைவான முக்கோணங்களில் மனித முகத்தை வரைந்தால் மரப்பொம்மை போல இருக்கும். அணிலை வரைந்தால் கண் அதை அணிலாகவே ஏற்றுக்கொள்ளும்.

இனி குறி பார்க்கும் கணக்குக்கு வருவோம். திரையின் நடுவில் ஒரு சிறு குறிவட்டம் தெரிகிறது. அது கேமராவின் பார்வைக் கோட்டைக் காட்டுகிறது. துப்பாக்கியின் கோட்டை அல்ல. கேமரா பாத்திரத்துக்குப் பின்னே சற்று மேலாக மிதக்கிறது, துப்பாக்கியோ பாத்திரத்தின் கையில் இருக்கிறது. குழல் வாய் பார்வைக் கோட்டிலிருந்து 50 செ.மீ. பக்கவாட்டில் விலகியிருப்பதாகக் கொள்வோம். இரண்டு கோடுகளையும் இணையாக விட்டால், இலக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சூடு 50 செ.மீ. தள்ளியே விழும். குழலைச் சற்றுத் திருப்பி 20 மீட்டரில் இரண்டும் சேரும்படி வைத்தால், 10 மீட்டரில் நிற்கும் இலக்கில் 25 செ.மீ. பிழை வரும், 40 மீட்டரில் மறுபக்கமாக 50 செ.மீ. பிழை வரும். ஆகவே நிலையான ஒரு கோணம் உதவாது. கணினி முதலில் கேமராவிலிருந்து குறிவட்டத்தின் வழியே கற்பனைக் கதிர் ஒன்றை அனுப்புகிறது. அது சுவரிலோ தரையிலோ முதலில் தொடும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறது. அந்தப் புள்ளியின் நிலை வெக்டரிலிருந்து குழல் வாயின் நிலை வெக்டரைக் கழித்தால் சுடவேண்டிய திசை கிடைத்துவிடும். நேர்கோடு ஒரு தளத்தை எங்கே வெட்டுகிறது என்று நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் 'வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள்' பாடம் கேட்கும் கணக்கு இதுவேதான். டாங்கியிலும் குறிநோக்கி ஓரிடத்தில், குழல் ஓரிடத்தில். அங்கே லேசர் தூரத்தை அளக்கிறது. அந்தத் தூரத்தை வைத்துக் கணிப்பொறி குழலின் கோணத்தைத் திருத்துகிறது.

இலக்கு கிடைத்துவிட்டால் மட்டும் வேலை முடிவதில்லை, கண்ணே ஓரிடத்தில் நிற்காதே! பாத்திரம் ஓடுகிறது, குதிக்கிறது. கேமரா பின்தொடர வேண்டும். ஒட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு குலுக்கலும் திரையில் தெறித்துத் தலை சுற்றும். ரொம்பத் தளர்ந்து வந்தால் பாத்திரம் திரையை விட்டே ஓடிவிடும். இதற்குப் பரவலாகப் பயன்படும் வழி எளிமையானது. இருக்கும் இடத்துக்கும் போகவேண்டிய இடத்துக்கும் உள்ள இடைவெளியில் குறிப்பிட்ட ஒரு பங்கை மட்டும் கேமரா ஒவ்வொரு சட்டகத்திலும் கடக்கிறது. மீதியில் அதே பங்கு, அதன் மீதியில் அதே பங்கு என்று இடைவெளி பெருக்குத் தொடர்வரிசையாகச் சுருங்குகிறது. பின்னால் சுவர் வந்தால் கேமரா சுவருக்குள் புகுந்துவிடாதபடி முன்னுக்கு இழுக்கப்பட வேண்டும். நொடிக்கு 60 சட்டகங்கள் என்றால், இந்த எல்லாக் கணக்கையும் முடித்துப் படத்தையும் வரைய ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 மில்லி நொடி. நன்றாகச் செய்த கேமராவை ஆடுபவர் கவனிப்பதே இல்லை. அதனால்தான் அதன் பின்னாலிருக்கும் உழைப்பு நம் பார்வைக்கு வராமலே போய்விடுகிறது.

மூன்றாவது சிக்கல் சுழற்சி. ஒரு பொருளை மேல்-கீழ், இடம்-வலம், சாய்வு என்று மூன்று கோணங்களால் குறித்தால், சில நிலைகளில் இரண்டு அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு திசைச் சுதந்திரமே தொலைந்துபோகும். இதிலிருந்து தப்ப உதவும் கணிதத்தை வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கண்டடைந்தார். கலப்பு எண்ணை i-யால் பெருக்கினால் அது 90 பாகை திரும்பும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறோம். அந்தக் கருத்தைத் தட்டையான தளத்திலிருந்து முப்பரிமாண வெளிக்குக் கொண்டுபோக ஹாமில்டனுக்கு நான்கு கூறுகள் கொண்ட எண் தேவைப்பட்டது. அந்த எண்கள் கணினி அசைவூட்டத்தில் வேர்கொள்ள 1985இல் கென் ஷூமேக் எழுதிய கட்டுரை வழிவகுத்தது. ஸ்பிளாட்டூனில் கன்ட்ரோலரையே சாய்த்துத் திருப்பிக் குறிபார்க்கலாம். அதனுள் இருக்கும் ஜைரோஸ்கோப் சில்லில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பொருள் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. கை திரும்பும்போது கொரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளலின் அளவிலிருந்து சுழலும் வேகம் தெரிகிறது. வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். நுண்கணிதத்தில் தொகையிடல் என்பது இதைத்தான். சிறு பிழைகளும் சேர்ந்து கூடிக்கொண்டே போகும் என்பதால், ஒரு பொத்தானை அழுத்திப் பார்வையை நேராக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. மேடு பள்ளத்தில் ஓடும் டாங்கியின் குழலை இலக்கின் மீதே நிலைநிறுத்தும் அமைப்பும் ஜைரோஸ்கோப் தரும் சுழற்சி அளவை நம்பித்தான் இயங்குகிறது.

இங்கே முதல் எதிர்ப்பு எழும். டாங்கியோடு ஒப்பிட்டுப் பேசுவதே, இது கொலைப் பயிற்சி என்பதற்குச் சான்றாகிவிடாதா? கணிதம் இரண்டுக்கும் பொது, நோக்கம் பொதுவல்ல. ஸ்பிளாட்டூனில் எதிராளி மீது மை பட்டால் அவர் சற்று நேரத்தில் தன் தளத்திலிருந்து மீண்டும் கிளம்புகிறார்; வெற்றி தோல்வியைத் தரையின் நிறம்தான் தீர்மானிக்கிறது. கொலையை எடுத்துவிட்ட பிறகும் ஈர்ப்பு அப்படியே நிற்கிறது. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, ஸ்காட் ரிக்பி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சுடும் விளையாட்டு ஒன்றை இரண்டு வடிவங்களாக மாற்றினார்கள். ஒன்றில் எதிரி ரத்தம் சிந்திச் சாவான். மற்றொன்றில் குறி பட்டதும் காற்றில் மிதந்து தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான். ஆடியவர்களின் மகிழ்ச்சியில் வன்முறையின் அளவு குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. திறமையாகச் செய்தோம், நம் விருப்பப்படி செய்தோம் என்ற உணர்வுதான் மகிழ்ச்சியைத் தீர்மானித்தது.

வன்முறை விளையாட்டு பிள்ளைகளை முரடாக்குமா என்ற பெரிய கேள்வியில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் இவற்றுக்கும் மூர்க்க நடத்தைக்கும் தொடர்பு உண்டென்றது. ஆனால் உண்மையான வன்முறைச் சம்பவங்களுக்கு விளையாட்டைக் காரணம் காட்டுவது அறிவியலுக்குப் பொருந்தாது என்று 2020இல் எச்சரித்தது. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரை வைத்து, பகுப்பாய்வு முறையை முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டு நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் அத்தகைய தொடர்பு எதுவும் தென்படவில்லை. இதை வைத்துக் கவனமே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மேலே சொன்ன 'கான்கர்' அணில் பார்க்கச் செல்லப் பிராணிதான்; ஆனால் ஆபாசமும் குரூரமும் நிறைந்த அந்த ஆட்டத்துக்கு அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கான முத்திரை கொடுத்தார்கள். அட்டையில் அணில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு உகந்தது என்பதற்கு உத்தரவாதமில்லை. பெற்றோர் பார்க்கவேண்டியது வயதுக் குறியீட்டை.

இரண்டாவது எதிர்ப்பு, ஆடினால் அறிவு வளருமா என்பது. 2003இல் ஷான் கிரீன், டாஃப்னி பவலியே இருவரும் அதிரடி விளையாட்டுப் பயிற்சி பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 2007இல் டொரோண்டோ ஆய்வாளர்கள், 10 மணி நேரப் பயிற்சியில் இடஞ்சார் திறன் உயர்ந்ததையும், ஆண் பெண் வேறுபாடு குறைந்ததையும் காட்டினார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியவை பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்து ஆடும் போர் விளையாட்டுகள். அந்த முடிவுகளை அப்படியே கணவாய் ஆட்டத்துக்கு ஏற்றிச் சொல்வது முறையல்ல. வெறும் ஆட்டம் அறிவாளியாக்கும் என்ற வாதத்தை இந்தக் கட்டுரை முன்வைக்கவில்லை. நேரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். கட்டுப்பாடற்ற ஆட்டத்தை உலக சுகாதார நிறுவனம் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டதில், மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 விழுக்காட்டுக்குப் பதில் 30.4 விழுக்காடாகக் குறைந்தார்கள். திரைக்கு எல்லை வகுக்கவும், திடலுக்கு நேரம் ஒதுக்கவும் இது போதிய காரணம்.

வலுவான எதிர்ப்பு மூன்றாவதுதான். பிள்ளை குறிபார்க்கிறது, ஆனால் கணக்கைப் போடுவது கன்சோல் அல்லவா? இது முழுக்க உண்மை, இந்த வாதம் போய்ச் சேரவேண்டிய இடமும் இதுவே. ஆடுகிறவருக்கு மறைந்திருக்கும் கணக்கு, ஆட்டத்தைச் செய்கிறவருக்குத் திறந்துகொள்கிறது. செய்வதற்கு விலையுயர்ந்த கன்சோல் வேண்டியதில்லை. 'கோடோ' என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் 2014 முதல் யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளும் உரிமத்தோடு கிடைக்கிறது. உருவங்களைச் செய்ய 'பிளெண்டர்' இருக்கிறது, அதுவும் இலவசம். பிளெண்டரை உருவாக்கும் அமைப்பே 2008இல் பறக்கும் அணில் ஒன்றை நாயகனாக்கி 'யோ ஃபிராங்கி' என்ற விளையாட்டை, உள்ளிருக்கும் கோப்புகளோடு சேர்த்து உலகுக்குக் கொடுத்தது. அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினிகள் இருக்கின்றன. கணினியே இல்லாவிட்டாலும் திடலில் இரண்டு கம்பு, ஒரு கயிறு, சுவரில் ஒரு சாக்பீஸ் வட்டம் போதும். கண்ணும் குழலும் விலகியிருப்பதால் வரும் பிழையை எட்டாம் வகுப்புப் பிள்ளையே வடிவொத்த முக்கோணங்களால் அளந்துவிடும்.

இந்தப் பாடத்துக்கு ஆவடியையும் கோவில்பதாகையையும்விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது. குறிநோக்கியையும் சுழற்சியையும் நிலைநிறுத்தலையும் வாழ்நாள் தொழிலாகச் செய்து ஓய்வுபெற்ற பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் வாழும் பகுதி இது. இதே தெருக்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கைத் திரையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பையும் ஒரு பள்ளி வகுப்பில் மாதம் ஒருமுறை உட்காரவைத்தால், வெக்டர் பாடம் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் சூத்திரமாக இருக்காது. அந்த வகுப்பிலிருந்து எழும் பிள்ளை டாங்கி செய்யலாம், அறுவை சிகிச்சைக் கருவி செய்யலாம், அல்லது தன் கடலின் கணவாயை நாயகனாக்கித் தமிழில் ஒரு விளையாட்டே செய்யலாம். எதைச் செய்வதென்பது அந்தப் பிள்ளையின் தேர்வு. செய்வதற்கான கணிதத்தைக் கையில் கொடுப்பது நம் கடமை. பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செல்லும் இடத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.