பாரியின் தலை ஏன் மாறியது?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பாடம் செய்யப்பட்ட நாய் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்த நம் பாரி அல்ல, பெயர் ஒற்றுமை மட்டும்தான். 1800ஆம் ஆண்டு பிறந்த இந்த நாய், ஆல்ப்ஸ் மலைப்பனியில் சிக்கிய நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. முதுமையில் பெர்ன் நகருக்குக் கொண்டுவரப்பட்டு 1814இல் இறந்தது.

இறந்த பின்னும் அதை மனிதர்கள் சும்மா விடவில்லை. 1923இல் சிதைந்து போயிருந்த உடலைச் சீரமைத்தபோது, அதன் தட்டையான தலையைப் பெரிதாக்கி, நெற்றியை எடுப்பாக்கிவிட்டார்கள். காரணம் வேடிக்கையானது. அன்றைய செயின்ட் பெர்னார்ட் நாய்களைப் போல் பாரி இல்லையாம்! அந்த இனத்துக்கே புகழ் தேடித் தந்த நாயை, அதன் பின்வந்த நாய்களைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். இந்த இனத்தின் கதையை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து 2,469 மீட்டர் உயரத்தில் உள்ளது கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெர்னார்ட் என்ற துறவி அங்கே வழிப்போக்கர்களுக்காக ஒரு மடத்தை அமைத்தார். 17ஆம் நூற்றாண்டில் அங்கு நாய்கள் வந்து சேர்ந்தன. முதலில் காவலுக்குத்தான் வளர்த்தார்கள். சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்ற, சக்கரத்துக்குள் நாயை நடக்கவிட்டதும் உண்டு. பிறகுதான் அவற்றின் உண்மையான திறமை தெரிந்தது. பனி மூடிய பாதையை அவை முகர்ந்தே கண்டுபிடித்தன. பனிக்குள் புதைந்தவர் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துத் தோண்டின. சுமார் இருநூறு ஆண்டுகளில் இரண்டாயிரம் பேர் வரை இப்படி மீட்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

கழுத்தில் பிராந்தி பீப்பாயுடன் இந்த நாயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஓவியரின் கற்பனை. 1820இல் எட்வின் லேண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த படத்திலிருந்து அது பரவியது. பாரியின் கழுத்தில்கூட ஒரு பீப்பாயைப் பின்னாளில் மாட்டிவைத்து, 1978இல்தான் கழற்றினார்கள். அறிவியல்படி பார்த்தாலும் அது ஆபத்தான மருந்து. மது அருந்தினால் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடல் சூடாவதுபோல் தோன்றும், ஆனால் உள்ளே இருக்கும் வெப்பம் வேகமாக வெளியேறிவிடும். பனியில் விறைத்துக் கிடப்பவருக்குப் பிராந்தி கொடுப்பது அவரை மேலும் குளிரவைப்பதுதான்.

பாரி இன்றைய செயின்ட் பெர்னார்டைப் போல் மலையாக இருந்ததில்லை. அதன் எடை 40 முதல் 45 கிலோ வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று இந்த இனத்தில் 70, 80 கிலோ சாதாரணம். 19ஆம் நூற்றாண்டில், கடுங்குளிரால் நாய்கள் குறைந்துபோக, நியூஃபவுண்ட்லாந்து நாய்களோடு கலந்து இனத்தைப் பெருக்கினார்கள். குட்டிகளுக்கு நீண்ட முடி வந்தது. குளிருக்கு நல்லதுதானே என்று நினைப்போம். ஆனால் நீண்ட முடியில் பனிக்கட்டி ஒட்டிச் சுமையானது. மீட்புப் பணிக்குக் குட்டை முடியே சிறந்தது. நீண்ட முடி நாய்கள் மலையிலிருந்து அடிவாரத்துக்கு வந்தன, அடிவார மக்களுக்கோ அவற்றைத்தான் பிடித்தது.

பிறகு நாய்க் கண்காட்சிகளின் காலம். 1884இல் சுவிட்சர்லாந்தின் நாய் வம்சாவளிப் பதிவேடு தொடங்கியபோது முதலில் இடம்பெற்றது இந்த இனமே. தலை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அகன்ற மண்டை, எடுப்பான நெற்றி உள்ள நாய்களுக்குப் பரிசு கிடைத்தது, அவற்றையே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 120 ஆண்டுக் காலத்தைச் சேர்ந்த 47 மண்டையோடுகளை அளந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மண்டை அகன்று, கண்களுக்கு மேலுள்ள மேடு உயர்ந்து, முகவாயின் கோணமும் மாறியிருந்தது. பரிணாமம் என்றாலே கோடி ஆண்டுகள் என்று என் மாணவர்கள் எழுதுவார்கள். தேர்வு கடுமையாக இருந்தால் நூறு ஆண்டே போதும் என்பதற்கு நான் காட்டும் சான்று இந்த 47 மண்டையோடுகள்தாம். இங்கே தேர்ந்தெடுத்தது இயற்கை அல்ல, மனிதன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவர் கைப்பேசியில் ஒரு குட்டியின் விளம்பரத்தைக் காட்டி, “சார், குளிர்சாதனம் போட்டால் இதை நம் ஊரில் வளர்க்கலாமா?” என்று கேட்டார். உடனே பதில் சொல்லாமல், கரும்பலகையில் இரண்டு கனசதுரங்களை வரைந்தேன்.

பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 3 செ.மீ. என்றால் மேற்பரப்பு 54, கன அளவு 27. அதாவது ஒரு பங்கு உடலுக்கு முன்பு ஆறு பங்கு தோல் இருந்தது, இப்போது இரண்டு பங்குதான். வெப்பம் உண்டாவது உடலுக்குள், வெளியேறுவது தோல் வழியாக. எனவே உடல் பெருக்கப் பெருக்க வெப்பம் உள்ளே தங்குகிறது. பனிமலையில் இது வரம். நம் வெயிலில் இதுவே எமன். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்க வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நம் ஊரில் அந்த ஆவியாதலும் மந்தமாகிவிடுகிறது. பெரிய உடல், அடர்ந்த இரட்டை முடி, ஈரப்பதமான 33 பாகை வெப்பம், இவை மூன்றும் சேர்ந்தால் மதிய நேரத்தில் பத்து நிமிட நடைகூட ஆபத்தாகலாம்.

முடியை ஒட்டச் சிரைத்துவிட்டால் தீருமா? தீராது. தோல் நேரடியாக வெயிலில் வெந்துபோகும். குளிர்சாதன அறை உதவும்தான். ஆனால் நாளெல்லாம் அறைக்குள் அடைத்துவைக்க இது பொம்மை அல்லவே, தினமும் நடந்தாக வேண்டும். ஏற்கெனவே இப்படிப்பட்ட பெரிய நாயை வளர்ப்பவர்கள் சூரியன் உதிக்கும் முன்போ இரவிலோ நடக்கவிடுங்கள். மூச்சிரைப்பு அடங்காமல், தள்ளாடினால், உடலைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

குட்டிப் பருவத்தில் செய்யும் தவறு இன்னொன்று. பிறக்கும்போது ஒரு கிலோகூட இல்லாத குட்டி, ஓராண்டில் 50 கிலோவைத் தாண்டும். எலும்பு வலுவாகட்டும் என்று சிலர் கால்சியத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். பெரிய இனத்துக்கென்று தயாரித்த உணவை அளவாகக் கொடுத்தாலே போதும். உடலை மெதுவாக வளரவிட்டால்தான் இடுப்பு மூட்டு பிழைக்கும். வளர்ந்த நாய்க்கு நாள் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆழமான மார்புள்ள இந்த நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரும். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு உப்பினால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் அது நம்மோடு இருப்பது எட்டு முதல் பத்து ஆண்டுகள்தான். சின்னஞ்சிறு இன நாய்களோ பதினைந்து வயதைச் சாதாரணமாகத் தொடும். இதையெல்லாம் கேட்ட மாணவர் அந்த விளம்பரத்தை மூடிவிட்டார்.

மலைக் கணவாயிலும் காலம் மாறிவிட்டது. ஹெலிகாப்டரில் ஏற்ற முடியாத எடை என்பதால், பனிச்சரிவு மீட்புக்கு இன்று ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் போன்ற இலகுவான நாய்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். மடத்து நாய்களின் பொறுப்பை 2005இல் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அடிவாரத்தில் மார்ட்டினி என்ற ஊரில் அவை வளர்கின்றன. கோடைக்காலத்தில் மடத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். எடை குறைந்த, ஓடியாடக்கூடிய உடலுள்ள நாய்களை மீண்டும் உருவாக்க அங்கே முயல்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு எப்போதும் பாரி என்றே பெயரிடும் வழக்கமும் இருக்கிறது.